அந்த நிலாவும் இந்த நிலாவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, புறநானூற்றின் 112-ஆம் பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வழக்கமான மாமியார் மருமகள், சொத்துப் பாகம், சர்க்கரை வியாதி எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்க அந்தப் பாட்டுதான்.

"அற்றைத் திங்கள் என்று நீங்கள் எழுதியது சினிமாப் பாட்டில் வருவதாயிற்றே. அது காதல் பாட்டு. அதைப் போய்த் துக்க வீட்டுக்காரருக்கு எழுதலாமா?"
கல்லூரி மாணவர், உச்சிப்புளி

தப்பு உங்கள் மேல் இல்லை தம்பி. 1997-இல் வந்த ஒரு படத்தில் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துக் காதல் பாட்டுக்குள் வைத்தார்கள், பாட்டும் நன்றாக அமைந்துவிட்டது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அந்த மெட்டுதான் காதில் ஓடும். எடுத்த இடம் வேறு. ஐந்தே வரி, முழுசாகப் போடுகிறேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

அந்த மாதத்தில், அந்த வெள்ளை நிலாவில், எங்களுக்கு அப்பா உண்டு, எங்கள் மலையையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதத்தில், இந்த வெள்ளை நிலாவில், வென்று முரசு கொட்டுகிற வேந்தர்கள் எங்கள் மலையையும் எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு.

பாடியவர்கள் பெயர் 'பாரி மகளிர்' என்று இருக்கிறது. முல்லைக்கொடி படரத் தேரைக் கொடுத்தான் என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாரி. பறம்பு மலைக்குத் தலைவன். அவன் நாட்டில் முந்நூறு ஊர், அந்த முந்நூறையும் பாடி வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டான், மிச்சம் இருப்பது நானும் பாரியும் இந்த மலையும்தான் என்று அவன் நண்பர் கபிலர் 110-ஆம் பாட்டில் சொல்கிறார். மூவேந்தரும் சேர்ந்து மலையை வளைத்தார்கள். பாரி இறந்தான். அப்புறம் பெண்கள் பாடியது இது. ஓலைச்சுவடியில் கிடந்ததை உ.வே. சாமிநாதையர் 1894-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். முதல் வரியின் கடைசியில் 'நிலவின்' என்றும் 'நிலவில்' என்றும் இரண்டு விதமாகவும் பார்க்கலாம், பொருள் ஒன்றுதான், அதைப் பிழை என்று திருத்தி எனக்கு அனுப்ப வேண்டாம். இருபது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான், இதற்கே மூன்று கடிதம் வந்திருக்கிறது.

"திங்கள் என்றால் மாதமா, நிலாவா? சரியாக ஒரு மாத இடைவெளியில் நடந்ததா இதெல்லாம்?"
வாசகி, கீழக்கரை

இங்கே மாதம். நிலாவைத்தான் தனியாக 'வெண் நிலவு' என்று சொல்லியாயிற்றே. (திங்கட்கிழமையா என்று ஏர்வாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா.) அற்றை என்பது அன்றைய, இற்றை என்பது இன்றைய. பத்திரத்தில் 'இற்றைத் தேதியில்' என்று இன்னமும் எழுதுகிறோமே, அதே இற்றை.

'போன மாதம்' என்று பாட்டில் எங்கும் இல்லை. அந்த மாதம் என்றுதான் இருக்கிறது, ஆனாலும் படிக்கிற எல்லோரும் ஒரே ஒரு மாதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம், நானும் அப்படித்தான். அ, இ என்று இரண்டு சுட்டெழுத்தை அடுத்தடுத்து வைத்துவிட்டதால் நடுவில் பெரிய காலம் இருக்க மனம் ஒப்புவதில்லை.

உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய நிலா எப்படிப்பட்ட நிலா? உரை சொல்கிறவர்கள் பலர் அதைச் சந்தோஷ நிலாவாகத்தான் ஆக்கிவிடுகிறார்கள், அப்பாவோடு முற்றத்தில் உட்கார்ந்து கதை கேட்ட மாதிரி. 'எம் குன்றும் பிறர் கொளார்' என்ற இடத்தை நிறுத்திப் படியுங்கள். ஒன்றுமே நடக்காத காலத்தில் யாராவது 'எங்கள் வீட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை' என்று சொல்வார்களா? எடுக்க ஆள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். அன்றைக்கும் மலையடியில் படை கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முற்றுகை பல நாள் நீண்டதற்கு அகநானூற்றிலும் குறிப்பு உண்டு, வளைத்துக்கொண்ட மலைக்குப் பறவைகள் நெற்கதிர் கொண்டுவந்து கொடுத்ததாக. ஆக அந்த நிலாவும் பயத்தோடு பார்த்த நிலாதான். கீழே எதிரியின் பாசறை தெரிந்திருக்கும். ஆனால் அப்பா இருந்தார். இன்றைக்கு அந்தப் பயந்த ராத்திரியே பெரிய செல்வமாகத் தெரிகிறது, அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

"வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தியபோது ஒரு பையன் கேட்டான்: அப்பாவைக் கொன்றவர்களைப் போய் 'வென்றெறி முரசின் வேந்தர்' என்று எதற்குப் புகழ வேண்டும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."
தமிழாசிரியை, தொண்டி

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள் டீச்சர். புறநானூற்றின் பழைய உரைகாரரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். மூவேந்தர் முற்றியிருந்தும் வஞ்சித்துக் கொன்றதால் இங்கே 'வென்றெறி முரசின் வேந்தர்' என்றது இகழ்ச்சிக் குறிப்பு என்று அவர் சொல்லிவிட்டார். குத்தல்தான் அது. நம் ஊரில் ஒருத்தன் பங்காளியை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டால் 'பெரிய மனுசன், நல்லா இருக்கட்டும்' என்று திண்ணையில் ஒரு பாட்டி சொல்வாளே, குரல் கூட உயராமல், அந்த ராகத்தில் படிக்கச் சொல்லுங்கள். 109-இல் கபிலர் ஏற்கெனவே அந்த வேந்தர்களைச் சீண்டியிருக்கிறார்: வாளால் முடியாது, யாழை மீட்டிக்கொண்டு பாடி ஆடி வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுப்பான் என்று. மூன்று பேர் சேர்ந்து ஒருவனை வளைத்து, அதுவும் நேராக முடியாமல், அப்புறம் முரசு வேறு.

பாடம் நடத்துகிறவர் என்பதால் இலக்கணம் ஒன்று சொல்கிறேன், மற்றவர்கள் வேண்டுமானால் தாண்டிப் போகலாம். இந்தப் பாட்டில் வினைமுற்று நான்கு: உடையேம், கொளார், கொண்டார், இலம். இதில் காலம் காட்டுவது எது? கொண்டார் ஒன்றுதான். அது இறந்தகாலம். உடையேம், இலம் இரண்டும் குறிப்பு வினை, கொளார் எதிர்மறை, மூன்றிலும் கால இடைநிலை கிடையாது. 'அப்பா இருந்தார்' என்று நாம் உரையில் எழுதுகிறோம், அந்தப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை, 'எந்தையும் உடையேம்' என்றுதான் சொன்னார்கள். முடிந்துபோன காரியமாக அந்தப் பாட்டில் இருப்பது வேந்தர்கள் மலையை எடுத்துக்கொண்டது மட்டும்.

வரிசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதலில் அப்பா, பிறகு மலை. திரும்பச் சொல்லும்போது மலை முன்னால் வந்துவிடுகிறது, அப்பா கடைசிக்குப் போகிறார். சொல்லக் கூடாத சொல்லை முடிந்த மட்டும் தள்ளிப் போடுகிற மாதிரி. துட்டி சொல்ல வருகிற ஆள் முதலில் தண்ணீர் கேட்பான், மழை உண்டா என்பான், மாடு எப்படி இருக்கிறது என்பான், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். அது மாதிரி.

"பாரியின் பெண்கள் பெயர் அங்கவை, சங்கவைதானே? ஏன் எழுதவில்லை?"
வாசகர், சாயல்குடி

சங்கப் பாட்டு எதிலும் அந்தப் பெயர் இல்லை. பின்னால் வந்த கதைகளில்தான் இருக்கிறது. 'பாரி மகளிர்' என்று மட்டும் எழுதுவதே சரி என்பது என் கட்சி.

"என் தம்பி நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சட்டப்படி ஏழு வருஷம் போக வேண்டும் என்றார்கள், போய்விட்டது. அம்மா இன்னும் ராத்திரியில் ஒப்பாரி வைக்கிறாள். நீங்கள் எழுதிய பாட்டில் அழுகையே இல்லையே ஐயா. அப்பா செத்த பிள்ளைகள் இப்படியா பேசுவார்கள்? படித்தவர்கள் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது."
வாசகி, பாம்பன்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும், தம்பியைப் பற்றி என்ன சொல்ல.

அழுகை இல்லை என்பது சரிதான். ஆனால் அடுத்த பாட்டிலேயே, 113-இல், கபிலர் அழுகிறார். 'பாரி மாய்ந்தெனக் கலங்கிக் கையற்று நீர்வார் கண்ணேம்' என்று பச்சையாகவே சொல்கிறார், கண்ணில் நீர் வடிய மலையைக் கும்பிட்டுவிட்டு இந்தப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடிப் போகிறோம் என்கிறார். ஊரறிந்த பெரும்புலவர் அழுகிறார், பெற்ற பிள்ளைகள் அழவில்லை. துக்க வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள், வீட்டுக்காரி பாத்திரத்தை எண்ணிக்கொண்டு இருப்பாள், வந்த மாலை எத்தனை, யார் வீட்டுப் பாய், எத்தனை டம்ளர் திரும்பி வந்தது என்று. கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி காதைக் கடிப்பாள். எண்ணுகிறவளுக்குத்தான் தெரியும் எண்ணுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று.

இந்தப் பாட்டும் ஒரு கணக்குதான். அன்றைக்கு இருப்பு இரண்டு, இன்றைக்கு இரண்டும் போயிற்று. 'எந்தையும்' 'குன்றும்' என்று உம் போட்டு உம் போட்டு எண்ணுகிறார்கள். நீங்கள் அம்மாவின் ஒப்பாரியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அதுவும் இதே கணக்காகத்தான் இருக்கும். என் பெரியம்மா ஒருத்தி, மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவள், பெரியப்பா போனபோது வைத்த ஒப்பாரியில் ஒரு அடி எனக்கு மறக்கவில்லை: 'முன்வாசல் பாய் விரிச்சு முந்நூறு பேர் வருவாக, இப்ப மூலையில நான் இருக்கேன் முகம் பார்க்க ஆளில்லையே.' அன்று இப்படி, இன்று இப்படி. படிக்காதவள்தான். அற்றைத் திங்களை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே படித்தவர்கள் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்ற இடத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அழுகையை எடுத்துவிட்ட ஒப்பாரி என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இந்த வகைப் பாட்டுக்குப் பழையவர்கள் வைத்த துறைப் பெயர் கையறுநிலை. தொல்காப்பியம் 'கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை' என்கிறது, போனவர்களுக்காக மிஞ்சியவர்கள் புலம்புவது. கை அறுவது. நம் பக்கத்தில் 'கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு' என்று சொல்கிறோமே, வேறு எந்த உறுப்பையும் சொல்வதில்லை, கை. வலையை இழுக்கிற கை, கரையில் கயிற்றைப் பிடிக்கிற கை.

இன்னொரு பாட்டு இருக்கிறது, 116, கபிலர் பாடியது. பாரி போன பிறகு இந்தப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று அதில் கிட்ட நின்று காட்டுகிறார். சின்ன வீடு. முள்வேலி. வேலிக்குப் போகிற பாதையைப் புல் மூடியிருக்கிறது. முற்றத்தில் பஞ்சு. சுரைக்கொடி ஏறிக் கிடக்கிறது, பக்கத்தில் ஈச்ச இலைக் குப்பை. அந்தக் குப்பைமேட்டில் ஏறி நின்றுகொண்டு இந்த இரண்டு பெண்களும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'உமணர் உப்பொய் ஒழுகை எண்ணுப மாதோ.' உப்பு வியாபாரிகளின் வண்டி வரிசையாகப் போகிறது, அதை எண்ணுகிறார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று. அதைப் பார்த்துக் கபிலருக்குத் தாங்கவில்லை, 'நோகோ யானே, தேய்கமா காலை' என்கிறார், நான் நோகிறேன், என் ஆயுள் தேய்ந்து போகட்டும் என்று. ஏன் என்றால் இதே பெண்கள் முன்பு மலையின் மேல் நின்று, அப்பாவோடு போருக்கு வந்த வேந்தர்களின் பொன் சேணம் போட்ட குதிரைகளை எண்ணினவர்கள்.

அன்றைக்குக் குதிரை, இன்றைக்கு உப்பு வண்டி. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. 112-ஐயும் 116-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பெண்கள் நிஜமாகத் தெரிந்தார்கள். வாலிநோக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பாத்திகளின் ஓரம் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவித்துக் கிடக்கும், லாரி நிற்கும், நான் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிடுவேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், தம்பி போனது நிலாக்காலம், பாடு இருக்காது போகாதே என்று அம்மா சொன்னாள் என்று எழுதியிருந்தீர்கள். கடற்கரையில் எல்லாக் கணக்கும் நிலாவோடுதான், நிலாக்காலம் இருட்டுக்காலம் என்றுதான் தொழிலையே பேசுகிறோம், அதனால் ஒவ்வொரு மாதமும் அந்த நிலா அம்மாவுக்குத் திரும்ப வரும். ஒப்பாரியை நிறுத்தச் சொல்லாதீர்கள். முடிந்தால் உட்கார்ந்து எழுதி வையுங்கள். பாட்டுக்குச் சொல்கிறேன், அம்மாவுக்காகவும்தான்.

"பறம்பு மலை எங்கே இருக்கிறது? போக முடியுமா? எங்கள் மாவட்டம்தான் என்று தாத்தா சொல்கிறார், கூகுள் மேப் சிவகங்கை என்று காட்டுகிறது."
வாசகர், முதுகுளத்தூர்

தாத்தாவும் சரி, மேப்பும் சரி. சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கிற பிரான்மலைதான் பறம்பு என்பது பரவலாக ஒப்புக்கொண்டது. 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரைக்கும் அது நம் மாவட்டம். நான் படித்த காலத்தில் பாரி எங்கள் ஜில்லாக்காரன் என்று வாத்தியார் மார்தட்டுவார், பிரித்த பிறகு அவருக்குப் பெரிய வருத்தம்.

தாராளமாகப் போகலாம். அடிவாரத்தில் சிவன் கோயில், திருக்கொடுங்குன்றம் என்று தேவாரத்தில் பாடப்பட்டது, மலை உச்சியில் ஒரு தர்கா. ஏறுவதற்குக் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு கல்மேடும் மலைதான், அதனால் மூச்சு வாங்கும். 109-இல் கபிலர் அந்த மலையில் உழவர் உழாமலே நான்கு கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தருகிறார், மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஏறி இறங்கிய பிறகு கீழே டீக்கடையில் உட்கார்ந்து அதை நினைத்துப் பாருங்கள், வேந்தர்கள் ஏன் அப்படி ஆசைப்பட்டார்கள் என்று புரியும். 114-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நின்றாலும் தெரிகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாலும் தெரியும் என்று கபிலர் அந்தப் பெண்களுக்கு மலையைக் காட்டிக்கொண்டே நடக்கிறார். பஸ் ஜன்னலில் திரும்பிப் பார்த்தால் அது அப்படியே இருக்கிறது.

நம் ராமநாதபுரத்துக்குப் பாரியோடு இன்னொரு உறவும் உண்டு. சேது சமஸ்தான மகாவித்துவான் ரா. இராகவையங்கார் 'பாரிகாதை' என்று தனியாக ஒரு நூலே வெண்பாவில் பாடினார். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்தவர். மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

"பெண்கள் உண்மையிலேயே பாடினார்களா? கபிலரே அவர்கள் வாய்மொழியாகப் பாடியிருக்கலாம் அல்லவா?"
வாசகர், தேவிபட்டினம்

இருக்கலாம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. புலவர்கள் பிறர் குரலில் பாடுவது சங்கப் பாட்டின் வழக்கம்தான், அகப்பாட்டு முழுக்க அப்படித்தானே. பாரி மகளிர் பெயரில் இந்த ஒரு பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதும் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது நிரூபணம் இல்லை, காது சொல்வது. கபிலர் பாரியைப் பாடும்போது அவருக்கு உவமை வேண்டும், காட்டுப் பழம் வேண்டும், கள்ளும் கறியும் வேண்டும், வரி நீளும். 113-இல் பாரியின் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லாமல் அவரால் அழக்கூட முடியவில்லை. இந்த ஐந்து வரியில் உவமை ஒன்று கூட இல்லை. நிலாவுக்கு வெண்மை, முரசுக்கு வெற்றி, அவ்வளவுதான் அடைமொழி. இவ்வளவு கஞ்சத்தனமாகப் பாடக் கபிலருக்கு வராது.

"அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா?"
வாசகி, திருப்பாலைக்குடி

எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறீர்கள்! நம் ஜனங்களுக்குப் பாட்டை விட இதுதான் முக்கியம், எனக்கும் பிடித்த கேள்விதான்.

கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை கேட்டுச் சிற்றரசர்களிடம் அலைகிறார், விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். இருங்கோவேளிடம் அறிமுகப்படுத்துகிற பாட்டு 201. இவர்கள் யார் என்று கேட்டால், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் மகளிர், 'யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்' என்கிறார். நண்பனின் பிள்ளைகள் என்று சொல்ல ஆரம்பித்து, மூச்சு விடுவதற்குள் என் பிள்ளைகள் என்று முடித்துவிடுகிறார். அவன் மறுத்துவிட்டான். 202-இல் கபிலர் அவனைத் திட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார். பெண் கேட்டுப் போன இடத்தில் காபி கூடக் கிடைக்காமல் திரும்பிய அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பாட்டைத் தேடிப் படிக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புறநானூற்றில் தேட வேண்டாம், திருக்கோவலூர் போக வேண்டும். அங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு, அதாவது அந்த ஊரை ஆண்ட மலையமான் குலத்தாருக்கு, கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்று சொல்கிறது. பெண்ணையாற்றில் ஒரு பாறையைக் கபிலக்கல் என்று இன்றும் காட்டுகிறார்கள். புறநானூற்றுப் பக்கமோ அவர் வடக்கிருந்ததாகச் சொல்கிறது, அதாவது பட்டினி கிடந்து உயிர் விட்டதாக. நெருப்பா பட்டினியா என்ற வழக்கைத் தீர்க்க என்னால் ஆகாது. பெண்களைக் கரை சேர்க்கும் வரை அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதில் இரண்டும் ஒன்றாகத்தான் பேசுகின்றன.

"இதே மாதிரி சின்னதாக, மனப்பாடம் செய்யத் தோதாக இன்னொரு பாட்டு சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வருகிறது. நாங்கள் கண்மாய் ஊர்க்காரர்கள், மலை எல்லாம் எங்களுக்கு ஒட்டவில்லை."
வாசகி, ராஜசிங்கமங்கலம்

பேச்சுப் போட்டிக்கு ஒப்பாரியா என்று நடுவர் முறைப்பார், பரவாயில்லை.

பெரிய பிள்ளை என்றால் 242-ஐக் கொடுங்கள். ஒல்லையூரில் சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான், குடவாயிற் கீரத்தனார் முல்லைச் செடியைப் பார்த்துக் கேட்கிறார்: இளைஞர் சூட மாட்டார்கள், வளையல் போட்ட பெண்கள் பறிக்க மாட்டார்கள், பாணன் சூட மாட்டான், பாடினி அணிய மாட்டாள், 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?' நீ வேறு பூத்திருக்கிறாயா என்று.

சின்னப் பிள்ளைக்கும் உங்கள் ஊருக்கும் பொருத்தமாக 118 இருக்கிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர் வாங்கிய ஊர்க்காரருக்கு நான் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாரி போன பிறகு பறம்பு நாட்டில் ஒரு சின்னக் குளம் உடைகிறது, கரையைப் பார்க்க ஆள் இல்லை. கபிலர் அதைப் பாடுகிறார், இதுவும் ஐந்து வரிதான்:

அறையும் பொறையும் மணந்த தலைய
எண்ணாள் திங்கள் அனைய கொடுங்கரைத்
தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ,
கூர்வேல் குவைஇய மொய்ம்பின்
தேர்வண் பாரி தண்பறம்பு நாட்டே.

பாறையும் சின்னக் குன்றும் தலைமாட்டில், எட்டாம் நாள் பிறை மாதிரி வளைந்த கரை, தெளிந்த தண்ணீர். அது உடைகிறது. இங்கேயும் திங்கள் வருகிறது பாருங்கள், ஆனால் இந்தத் தடவை மாதம் இல்லை, நிலாவேதான், அதுவும் பாதி. அடுத்த வளர்பிறை அஷ்டமிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொழுது சாயக் கண்மாய்க் கரையில் போய் நில்லுங்கள். கரை வளைவும் பிறை வளைவும் ஒத்து வருகிறதா என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.